ரேடியேட்டரில் ஆயில் மிதக்கிறதா? ஹெட்டை இறக்கும் முன் ஆயில் கூலரைப் பாருங்கள்

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டீசல் பிக்கப் வைத்திருக்கிறார். தேனிப் பக்கத் தோட்டங்களில் காய்கறி ஏற்றி மதுரை மாட்டுத்தாவணி, பரவைச் சந்தைகளுக்குக் கொண்டுவரும் வண்டி. கொஞ்ச நாளாக ரிசர்வ் டேங்கில் கூலண்டுக்கு (எஞ்சினை ஆற்றும் தண்ணீர்க் கலவை) மேல் பழுப்பாக ஒரு பிசுக்கு மிதக்கிறதாம். லோடோடு ஆண்டிபட்டி கணவாய் ஏறி இறங்கி உசிலம்பட்டியில் நிறுத்தினால் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, ஆயில் லைட் லேசாக மினுக்குகிறதாம். டிப் ஸ்டிக்கில் ஆயில் எப்போதும்போல் கறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அளவு குறைந்துகொண்டே வருகிறது. ஹீட் முள் ஏறவில்லை. மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, ஹெட்டை இறக்கணும்" என்று சொல்லிவிட்டார். ஹெட் என்பது சிலிண்டர்களை மேலே மூடும் பாகம், அதற்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் அடைப்புதான் ஹெட் கேஸ்கெட். "இறக்கிடலாமாண்ணே?" என்பதுதான் கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்னதில் பாதி விடை ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீரில் ஆயில் இருக்கிறது, ஆயிலில் தண்ணீர் இல்லை, வண்டி ஹீட் ஆகவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் முதல் சந்தேகம் ஆயில் கூலர் மேல்தான் போக வேண்டும். ஹெட் கேஸ்கெட் இரண்டாவது.

காரணத்தைச் சொல்கிறேன். ஆயில் கூலர் என்பது எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில், பெரும்பாலும் ஆயில் ஃபில்டர் மாட்டும் ஹவுசிங்கோடு சேர்ந்தே உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பொருள். உள்ளே மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரங்களைப் பிரேஸிங் செய்து, அதாவது வேறு உலோகத்தை உருக்கி ஊற்றி, ஒட்டியிருப்பார்கள். ஒரு இடைவெளியில் ஆயில் ஓடும், அடுத்த இடைவெளியில் கூலண்ட் ஓடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த மெல்லிய தகடு ஒன்றுதான். ஆயிலின் சூட்டைக் கூலண்ட் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். ரேடியேட்டருக்கு முன்னால் தனியாகக் காற்றில் ஆறுகிற மாதிரி ஆயில் கூலர் வைத்த வண்டிகளும் உண்டு. அதில் ஓட்டை விழுந்தால் ஆயில் ரோட்டில் சொட்டும், தண்ணீரில் கலக்காது. உங்கள் வண்டியில் கலந்திருப்பதால் இந்தத் தகடு வகைதான் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

எஞ்சின் ஓடும்போது ஆயில் பிரஷர் 3, 4 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்கும். கூலண்ட் பிரஷர் ரேடியேட்டர் மூடி தாங்குகிற அளவுதான். மூடியின் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று அச்சடித்திருக்கும், பாருங்கள். ஆக, தகட்டில் மயிரிழை வெடிப்பு விழுந்தால், வண்டி ஓடுகிற நேரமெல்லாம் ஆயில்தான் தண்ணீருக்குள் தள்ளப்படும். தண்ணீர் எதிர்த்து உள்ளே வர முடியாது. வண்டியை நிறுத்தியதும் கதை மாறும். ஆயில் பிரஷர் சில நொடிகளில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆனால் சூடான கூலண்ட் ஆறும்வரை அழுத்தத்தோடுதான் நிற்கும். அந்த நேரத்தில் தண்ணீர் ஆயிலுக்குள் போகலாம். வெடிப்பு சின்னதாக இருக்கும்வரை இது பெரும்பாலும் நடக்காது, அதனால்தான் உங்கள் டிப் ஸ்டிக் இன்னும் சுத்தமாக இருக்கிறது. அது இன்றைய நிலைமை. வெடிப்பு பெரிதானால் ஒரு ராத்திரியில் மாறிவிடும்.

ஹெட் கேஸ்கெட் போனால் வழக்கமாக வேறு மாதிரி தெரியும். டீசல் எஞ்சினில் எரியும் நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் 100 பாரைத் தாண்டும். அந்தப் புகை தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்தால் ரேடியேட்டரில் குமிழி கொப்பளிக்கும், மேல் ஹோஸ் சீக்கிரமே கல் மாதிரி இறுகும், தண்ணீர் ரிசர்வ் டேங்க் வழியாக வெளியே தள்ளும், ஹீட் முள் ஏறும், காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை வரும். நீங்கள் சொன்னதில் இதில் ஒன்றுகூட இல்லை.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. சில எஞ்சின்களில் ஹெட்டுக்கு ஆயில் ஏறும் பாதை, கேஸ்கெட்டில் தண்ணீர்த் துளைக்குப் பக்கத்திலேயே இருக்கும். சரியாக அந்த இரண்டுக்கும் நடுவில் கேஸ்கெட் கிழிந்தால், புகையும் வராது, ஹீட்டும் ஆகாது, ஆயில் மட்டும் தண்ணீரில் கலக்கும். அப்படி நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூலரைக் கழற்றிச் சோதிப்பது பெரும்பாலான வண்டிகளில் அரை நாள் வேலை. ஹெட்டை இறக்கினால் கேஸ்கெட், போல்ட், ஹெட் ஃபேஸிங், டைமிங் என்று செலவு வரிசையாக வரும். எது சுலபமோ அதை முதலில் தீர்த்துக்கட்டுவதுதான் முறை.

சோதனைக்குப் போகும் முன் ஒரு கேள்வி: கடைசியாக ரேடியேட்டரில் யார், எந்த கேனால், என்ன ஊற்றினார்கள்? சிரிக்காதீர்கள். பழைய ஆயில் கேனில் தண்ணீர் பிடித்து ஊற்றிவிட்டு, அந்தப் படலத்தைப் பார்த்துப் பதறி வருபவர்கள் உண்டு. லேத்தில் வெட்டும்போது விடுகிற, தண்ணீரில் பால்போல் கரையும் ஆயிலைத் துருப் பிடிக்காது என்று ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கமும் பழைய டிரைவர்களிடம் இருந்தது. அது வெள்ளையாக, ஒரே சீராகக் கலந்து நிற்கும். எஞ்சின் ஆயில் கலந்தது அப்படி இருக்காது. முதலில் கறுப்புத் திட்டாக மிதக்கும், பம்ப் அடித்து அடித்துக் கேழ்வரகுக் கூழ் மாதிரி கெட்டிப்பட்டு மூடியின் அடியிலும் கழுத்திலும் அப்பிக்கொள்ளும்.

அடுத்து, மிதப்பது ஆயில்தானா என்று உறுதி செய்யுங்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் ஆயில் இல்லை. இ.ஜி.ஆர்., அதாவது புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்பு, உள்ள வண்டிகளில் அதன் கூலர் கசிந்தால் புகைக்கரி தண்ணீரில் கலந்தும் கறுக்கும். ஒரு குச்சியால் மேல் படலத்தைத் தொட்டு நியூஸ் பேப்பரின் ஓரத்தில் வைத்து வெயிலில் காய விடுங்கள். தண்ணீர் காய்ந்து போகும். ஆயில் என்றால் அந்த இடம் பஜ்ஜி மடித்த தாள்போல எண்ணெய்க் கறையாக நிற்கும், வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும். கரி மட்டும் என்றால் கறுப்புத் தூள் மேலே தங்கும், கறை பரவாது. அப்படியே மூக்கருகே கொண்டு போங்கள். டீசல் வாடை அடித்தால் பிரச்சினையே வேறு. டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சுற்றிச் செம்புக் குழாய் வைத்த எஞ்சின்களில் அதன் சீல் விட்டால் டீசல் தண்ணீரில் வரும். அதற்குக் கூலரை மாற்றிப் பயனில்லை.

இப்போது காலைச் சோதனை. ராத்திரி முழுக்க ஆறிய வண்டி வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர், அதனால் அவசரம் வேண்டாம். மூடியைத் திறந்து, தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு உள்ளேயே பாருங்கள். முதல் சில நொடிகளில் இரண்டு மூன்று குமிழி வந்து நின்றால் அது அடைபட்டிருந்த காற்று. விடாமல், எஞ்சின் துடிப்போடு சேர்ந்து குமிழி வந்துகொண்டே இருந்தால், ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது அது கூடினால், சிலிண்டர் புகை உள்ளே வருகிறது. உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, ஹெட்டை இறக்கலாம். சந்தேகமாக இருந்தால் ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சிப் பார்க்கும் நீல நிறத் திரவச் சோதனைக் குழாய் பெரிய பட்டறைகளில் இருக்கும். புகை இருந்தால் நீலம் மாறிவிடும். அதில் கூலண்டோ ஆயிலோ ஏறிவிடக் கூடாது, கழுத்திலிருந்து கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு வைக்க வேண்டும்.

குமிழி இல்லை என்றால் அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கும். எஞ்சின் ஆஃப். ரேடியேட்டர் வாயில் கைப்பம்ப் உள்ள பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் நல்ல ஹோஸும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் போய்விடும். முள் மெல்ல இறங்குகிறதா? வெளியே எங்கும் சொட்டவில்லையா? அப்படியென்றால் உள்ளே எங்கோ போகிறது. இப்போது அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே தட்டு வைத்து, ஆயில் ஃபில்டரைக் கழற்றுங்கள். முதலில் மிச்ச ஆயில் வடியும். அது நிற்கட்டும். டார்ச் அடித்து ஃபில்டர் உட்காரும் முகத்தில், ஆயில் வரும் துளையைப் பாருங்கள். கறுப்பு ஆயில் வடிந்து முடிந்தபின் அங்கே பச்சையோ சிவப்போ கூலண்ட் நிறத்தில் ஒரு துளி திரண்டு வந்தால் வழக்கு முடிந்தது. அந்த நிறத்துக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை, பெரும்பாலும் கூலர் பக்கமிருந்துதான் வந்திருக்கும். அரை மணி நேரமாவது காத்திருங்கள். வண்டியைக் கொஞ்சம் ஓட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்தால் இன்னும் நல்லது, உலோகம் விரியும்போதுதான் வெடிப்பு வாய் திறக்கும்.

துளி வரவில்லை என்பதற்காகக் கூலர் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். இந்தச் சோதனையில் ஏற்றுவது ஒரு பார்தான். உங்கள் வண்டியிலோ 3, 4 பாரில் ஆயில் கசிகிறது. ஆகவே கூலரைக் கழற்றி மேசைச் சோதனைதான் கடைசி வார்த்தை. கழற்றும்போது ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். அலுமினிய ஹவுசிங்கில் உப்புத் தண்ணீர் அரித்த குழி இருக்கும். பல நேரம் கூலர் தகடு நன்றாகவே இருக்கும், இந்தக் குழி வழியாக ஓ-ரிங்குக்கு அடியில் ஆயில் புகுந்திருக்கும். அப்படியிருந்தால் புது கூலர் போட்டாலும் அதே கதைதான். ஹவுசிங்கையும் மாற்ற வேண்டும், அல்லது முகம் மட்டம் எடுக்க இடமிருந்தால் நல்ல மெஷின் ஷாப்பில் எடுக்க வேண்டும்.

மேசைச் சோதனைக்கு லேத் பட்டறையில் இரும்புத் தகட்டில் ஒரு மூடி வெட்டச் சொல்லுங்கள். நடுவில் ரப்பர் ஷீட் வைத்து ஆயில் துளைகள் இரண்டையும் அடைத்து, ஒன்றில் மட்டும் காற்றுக் குழாய் மாட்ட வேண்டும். தண்ணீர்த் துளைகள் திறந்தே இருக்கட்டும். ரெகுலேட்டர் வைத்து 4 பார் காற்று. கம்ப்ரசரை முழுசாகத் திறந்துவிட்டு விளையாட வேண்டாம், அடைப்பு பிய்த்துக்கொண்டு பறந்தால் கையோ கண்ணோ போகும். கூலரை வெந்நீர்த் தொட்டியில் முழுக்க மூழ்க வையுங்கள். வெந்நீர் என்பது முக்கியம். பச்சைத் தண்ணீரில் ஒரு குமிழிகூட வராத கூலர், கை வைக்க முடியாத சூட்டில் ஊசிமுனைக் குமிழிகளை வரிசையாக விடும். குமிழி எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். ரப்பர் ஓரத்திலிருந்து வந்தால் நீங்கள் அடைத்தது சரியில்லை. தண்ணீர்த் துளைக்குள்ளிருந்து வந்தால் தகடு வெடித்திருக்கிறது. பத்து நிமிடம் பார்த்தும் ஒன்றும் வரவில்லை, ஓ-ரிங் முகமும் சுத்தம் என்றால், அப்போது ஹெட்டைப் பற்றிப் பேசலாம்.

ஆயில் லைட்டுக்கு வருகிறேன். அதற்கு மூன்று காரணம் இருக்க முடியும். முதலாவது வெறும் அளவுக் குறைவு. பல வண்டிகளில் டிப் ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே ஒரு லிட்டர் அளவில்தான் வித்தியாசம். நீங்கள் தண்ணீருக்கு ஆயிலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏற்றத்தில் ஆயில் சம்ப்பின் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சலாம். சமதரையில் நிறுத்தி அளவைப் பார்த்து நிரப்பிவிட்டு லைட் போகிறதா என்று பாருங்கள். நிரப்பிய பிறகும் மினுக்கினால் இரண்டாவது காரணம், ஆயில் அளவுக்கு மேல் சூடாகி நீர்த்துப் போவது. மூன்றாவது, பேரிங்கோ ஆயில் பம்ப்போ தேய்ந்திருப்பது. லைட்டை நம்பி இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. அந்த ஸ்விட்ச் அரை பார் அளவுக்குக் கீழே வந்தால்தான் எரியும், அதற்கு மேல் நடப்பது எதுவும் அதற்குத் தெரியாது. ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் முள் கேஜ் மாட்டி, ஆறிய நிலையிலும் லோடோடு கணவாய் ஏறி வந்த நிலையிலும் ஐடிலில் அளந்து எழுதுங்கள். காலையில் நன்றாக இருந்து சூட்டில் மட்டும் பாதாளத்துக்குப் போனால், ஆயில் சூட்டை அளக்க வேண்டும்.

கூலர் வெடிப்பது ஒரு வகை என்றால் அடைத்துக்கொள்வது இன்னொரு வகை. இரண்டும் ஒரே கூலரில் சேர்ந்து வருவதும் உண்டு. தகட்டு இடைவெளி மிகக் குறுகலானது. தண்ணீர்ப் பக்கம் உப்பும் துருவும் படிந்தால் கூலண்ட் ஓட்டம் குறையும். ஹீட் முள் எப்போதும்போல நடுவில் நிற்கும், ஏனென்றால் அது காட்டுவது கூலண்ட் சூட்டை. ஆயில் சூடு தனியாக ஏறிக்கொண்டிருக்கும், டேஷ்போர்டில் அதற்கு முள்ளே கிடையாது. இதற்குப் பேர் போனது அமெரிக்காவில் 2003 முதல் 2007 வரை பெரிய பிக்கப்களில் வந்த ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் கூலண்ட் ஆயில் கூலரைக் கடந்துதான் இ.ஜி.ஆர். கூலருக்குப் போகும். முன்னது அடைத்தால் பின்னது தண்ணீரில்லாமல் வெந்து வெடிக்கும். அந்த எஞ்சின் ஓட்டுபவர்கள் சீரான வேகத்தில் போகும்போது ஆயில் சூடும் கூலண்ட் சூடும் எவ்வளவு விலகுகிறது என்று ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே போவார்கள். 15 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் சுமார் 8 டிகிரி செல்சியஸ் தாண்டினால் கூலர் அடைக்கத் தொடங்கிவிட்டது என்பது அவர்கள் வாய்ப்பாடு. அந்த எண்ணை அப்படியே நம்மூர் எஞ்சினுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒவ்வொரு எஞ்சினுக்கும் இயல்பான விலகல் வேறு. ஆனால் முறை எல்லாவற்றுக்கும் பொருந்தும்: முள் எங்கே நிற்கிறது என்பதைவிட, இரண்டு சூடும் எவ்வளவு விலகுகிறது, அந்த விலகல் மாதத்துக்கு மாதம் கூடுகிறதா என்பதுதான் பேச்சு.

உங்கள் வண்டியில் ஆயில் சூட்டுக்கு சென்சார் இருந்தால், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரில் இரண்டும் தெரியும். இல்லையென்றால் துப்பாக்கி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டர் போதும். ஆனால் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேராக அடித்தால் அது பொய் சொல்லும், நிஜத்தைவிடக் குறைத்துக் காட்டும். ஃபில்டர் ஹவுசிங்கிலும், சூட்டைப் பொறுத்துக் கூலண்ட் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் ஹவுசிங்கிலும் ஒரு ரூபாய் அளவுக்கு மேட் கறுப்பு பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் அந்தப் பொட்டின் மேல் மட்டும் அடியுங்கள். லோடு இல்லாமல் பட்டறை வாசலில் ஐடிலில் வைத்து அளந்து ஒன்றும் கிடைக்காது. லோடோடு கணவாய் ஏற்றமோ, திருமங்கலம் பக்கம் நாலுவழிச் சாலையில் அரை மணி நேரச் சீரான ஓட்டமோ முடித்து, ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்த கையோடு அளக்க வேண்டும். ஆயில் 90 முதல் 110 டிகிரிக்குள் இருந்தால் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஒவ்வொரு முறையும் 120ஐத் தாண்டி நிற்கிறது, கூலண்ட் மட்டும் 85, 90 என்றிருந்தால், கூலர் சூட்டை வாங்கவில்லை. பல கூலர்களில் ஆயிலைச் சுற்றுவழியில் விடும் பைபாஸ் வால்வு ஒன்றும் இருக்கும். அது திறந்த நிலையில் மாட்டிக்கொண்டாலும் ஆயில் கூலரைத் தொடாமலே சுற்றி வரும், இதே அளவுதான் காட்டும். கூலரைக் கழற்றும் நாளில் அதையும் அழுத்திப் பாருங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், நம் பக்கத்தில் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் கூலர் தகட்டிலும் படிகிறது. படிந்த இடத்தில் சூடு ஏறும், பக்கத்தில் குறையும், இந்த இழுபறியில் தகடு ஓரத்தில் வெடிக்கும். போதாததற்கு ரேடியேட்டர் கசிந்தால் மஞ்சள்தூள் போடுகிற வழக்கம் வேறு. வழியில் நிற்கும் வண்டியை ஊர் சேர்க்க அது உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் கசிவை அடைத்த தூளுக்குக் கூலரின் குறுகிய சந்தை விட்டுவிடத் தெரியாது. லீக் பவுடர்களும் அப்படித்தான். கூலண்டை ரெடிமிக்ஸாக வாங்குங்கள். தண்ணீர் கலக்காத கெட்டிக் கூலண்ட் வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீரில், டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தில் கலக்குங்கள். நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள். இரண்டு கம்பெனியின் பச்சை ஒரே சரக்காக இருக்க வேண்டிய அவசியமில்லை.

கூலர் என்று உறுதியானால் மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் கடையில் ஒட்டித் தருகிறோம் என்பார்கள். ரேடியேட்டர் தாங்க வேண்டியது ஒரு பார். இது 4 பார், அதுவும் நாள் முழுக்கச் சூடாகி ஆறி. ஒட்டு நிற்காது. ஓ-ரிங்கை அந்த எஞ்சினுக்கான பார்ட் நம்பரில் வாங்குங்கள். சூடான ஆயிலுக்கு வைட்டான் ரப்பர்தான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். கடை டப்பாவில் அளவுக்குப் பொருந்துகிற கறுப்பு வளையத்தைத் துழாவி எடுத்துப் போட்டால் சில மாதத்தில் கல்லாகிவிடும். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும். ஆயில், ஃபில்டர் இரண்டும் புதிது.

டிப் ஸ்டிக் சுத்தம் என்றாலும் ஆயிலை இறக்கும்போது ஒரு சோதனை செய்துவிடுங்கள். வண்டி ராத்திரி முழுக்கச் சமதரையில் நிற்கட்டும். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சம்ப் போல்ட்டை மெல்லத் தளர்த்தி, முதலில் வரும் சொட்டுகளை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். தண்ணீர் கனம், அடியில்தான் தங்கியிருக்கும். முதல் சொட்டே கறுப்பாக வந்தால் நிம்மதி. கூலண்ட் வந்தால் வண்டியை அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். கூலண்டில் உள்ள கிளைக்கால் பேரிங்கைத் தின்றுவிடும், அதன்பின் கிராங்க் வரை போகும். இறக்கிய கூலண்டைத் தட்டில் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும், நாயும் ஆடும் குடித்துவிட்டுச் செத்துப்போகும்.

பலர் சறுக்குவது அடுத்த கட்டத்தில்: தண்ணீர்ப் பாதையைக் கழுவுவது. கூலரை மாற்றிவிட்டுக் கூலண்டை ஊற்றினால், எஞ்சினுக்குள் ஒட்டியிருக்கும் பழைய ஆயில் மறுபடி மிதக்கும். "புது கூலரும் போயிருச்சு" என்று சண்டை வரும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு அதன் ஹவுசிங் மூடியை மட்டும் மாட்டுங்கள். பாதை முழுவதும் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் சிலிண்டர் பக்கம் மட்டும் சுற்றும். சாதாரணத் தண்ணீரில் நுரை குறைவான துணி துவைக்கும் லிக்விட், ஃப்ரண்ட் லோடு மெஷினுக்கு விற்பது, கொஞ்சமாகக் கலந்து ஊற்றி, ஹீட்டர் இருந்தால் அதைத் திறந்து வைத்து, நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஆறவிட்டு, ரேடியேட்டரிலும் பிளாக்கின் டிரெய்ன் போல்ட்டிலும் இறக்குங்கள். சாதாரணப் பாத்திர சோப்பு பொங்கி நுரைத்துக் காற்றை அடைக்கும். மண்ணெண்ணெயும் டீசலும் வேண்டவே வேண்டாம், ரப்பர் எல்லாம் போய்விடும். இறங்கும் தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், பொறுமையான வேலை. கடைசியில் வெறும் தண்ணீரில் ஓடவிட்டு சோப்பையும் வெளியேற்றுங்கள். ரிசர்வ் டேங்கைத் தனியாகக் கழற்றிக் கழுவுங்கள், பாதி கசடு அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். அந்த ரப்பர் கூலண்டுக்காகச் செய்தது, ஆயில் பட்டால் ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். வெளியே நன்றாகத் தெரியும், கணவாய் நடுவில் வெடிக்கும். க்ளிப் இறுக்கிய இடத்தில் பிதுங்கியிருந்தால் அதை மாற்றுங்கள். தெர்மோஸ்டாட்டின் ரப்பர், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இரண்டும் ஆயிலில் ஊறியிருக்கும். விலை சொற்பம், சேர்த்தே மாற்றிவிடலாம். தெர்மோஸ்டாட் இல்லாமலே ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வண்டி பட்டறையிலிருந்து வந்தபின் முதல் சில நாட்கள் ரிசர்வ் டேங்கில் மெல்லிய படலம் வரத்தான் செய்யும். மூலைமுடுக்கில் ஒட்டியிருந்த மிச்சம் அது. எஞ்சின் ஆறியபின் டிஷ்யூ பேப்பரை மேலே படரவிட்டு ஒற்றி எடுத்துவிடுங்கள், டிப் ஸ்டிக் அளவையும் காலையில் அதே இடத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். படலம் ஒவ்வொரு முறையும் மெலிந்துகொண்டே போய் அளவும் நின்ற இடத்தில் நின்றால், கவலை வேண்டாம். ஒற்றி எடுத்த மறுநாளே புதுக் கறுப்பாகத் திரள்கிறது, டிப் ஸ்டிக்கும் இறங்குகிறது என்றால், முதலில் ஓ-ரிங் உட்கார்ந்த முகத்தை மறுபடி திறந்து பாருங்கள். அங்கேயும் சுத்தம் என்றால், நான் முன்னே சொன்ன அந்த அபூர்வமான இடம்தான் பாக்கி, கேஸ்கெட்டில் ஆயில் பாதைக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவே. அப்போது உங்கள் மெக்கானிக்கிடமே போய் ஹெட்டை இறக்கச் சொல்லுங்கள்.